குளிர்காலப் பண்டிகைகளுக்குக் குறைந்த செலவில் வீட்டை அலங்கரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியதும் மியான்மரின் யங்கோன் நகரத் தமிழர் வீடுகளில் அலங்கார வேலை தொடங்கிவிடுகிறது. திருக்கார்த்திகை, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, தைப்பொங்கல் என அடுத்தடுத்து வரும் நாள்களுக்காக வீடுகளை அலங்கரித்துக் கொடுப்பது என் தொழில். அண்மையில் இந்த வேலைக்கு வந்த இளைஞர்கள் சிலர், தொடக்க காலத்தில் எங்களைப் போன்றோர் செய்த பிழைகளையே மீண்டும் செய்வதைக் கண்டதால் இதை எழுதுகிறேன். தோரணம் கோணலாகத் தொங்குவது, நிறம் பொருந்தாமல் போவது போன்றவற்றைக் கண்ணே திருத்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் தனித்தனியாக வாங்குதல்

இரண்டு மாத காலத்தை ஒரே பருவமாகக் கொள்ள வேண்டும். மூங்கில் சட்டம், ஒரே நிறத் துணி, விளக்குச் சரம் ஆகியவை கார்த்திகை முதல் பொங்கல் வரை அப்படியே இருக்கலாம். மாற வேண்டியவை அடையாளங்கள் மட்டுமே: கார்த்திகைக்கு யங்கோனுக்கு அருகிலுள்ள துவாந்தே ஊரின் மண்ணில் செய்த அகல்கள், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், பொங்கலுக்குக் கரும்பு. மூங்கில் சிம்பில் கட்டிய நட்சத்திரத்தின் எலும்பு பல ஆண்டுகள் தாங்கும். அதன் மேல் ஒட்டும் தாளை மட்டும் மாற்றினால் போதும். இந்த மாதங்களில் மழை அரிது என்றாலும் விடியற்காலைப் பனியில் சாதாரணத் தாள் தொய்ந்துவிடும் என்பதால், திண்ணைக்கு வெளியே தொங்குவதற்குக் கண்ணாடித் தாளே ஏற்றது.

இன்வெர்ட்டரில் சீரியல் விளக்கைச் செருகுதல்

பணத்தை அதிகம் விழுங்குவது இந்தத் தவறுதான். மின்வெட்டு வழக்கமாகிவிட்ட ஊரில் பண்டிகை இரவில் வீடு இருண்டு கிடக்கக் கூடாது என்று எல்லோரும் நினைப்பது இயல்பு. ஆகவே மலிவான எல்.இ.டி. சீரியல் விளக்குகளை வாங்கி, வீட்டிலுள்ள இன்வெர்ட்டரிலேயே செருகிவிடுகிறார்கள். "அண்ணே, இது மொத்தமும் சேர்ந்து முப்பது வாட் கூட வராது, இன்வெர்ட்டர் தாங்காதா?" என்று என்னிடம் கேட்ட தம்பியின் கணக்கில் பிழையே இல்லை. பழைய இழை பல்பு நூறு கொண்ட சரம் ஏறத்தாழ 40 வாட் இழுத்த இடத்தில், எல்.இ.டி. நூறு கொண்ட சரம் 5 வாட் அளவே இழுக்கும். ஆனால் விளக்கு கெட்டுப்போவதற்குக் காரணம் வாட் அல்ல.

மலிவான சரங்கள் பலவற்றின் சிறு பெட்டிக்குள் மின்மாற்றி கிடையாது. 230 வோல்ட் மின்சாரத்தை ஒரு கெப்பாசிட்டர் மட்டுமே மட்டுப்படுத்துகிறது. கெப்பாசிட்டர் வழியே எவ்வளவு மின்னோட்டம் போகும் என்பது மின்னழுத்தம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அரசு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைபோல் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். விலை குறைந்த இன்வெர்ட்டரோ படிபோல் திடீரெனத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து, பெட்டி சூடேறி, விளக்குகள் கருகுகின்றன.

யங்கோனின் தாம்வே பகுதியில் ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் முன்னிரவில் இதுவே நடந்தது. மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கியதும் விளக்குகள் முன்பைவிடப் பளிச்சென்று எரிந்தன, குழந்தைகள் கைதட்டினார்கள். நள்ளிரவு ஆராதனைக்குப் புறப்படும் முன்பே சரம் சரமாக அணைந்து, ஒரு பெட்டி உருகி மரத் தூணில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தாய் மாதக்கணக்கில் சேர்த்த பணம் ஒரே இரவில் போனது. விற்ற கடையில் "இன்வெர்ட்டரிலும் எரியும்" என்று சொல்லியே கொடுத்திருக்கிறார்கள். இன்றும் அதே சொல்லைச் சொல்லி அதே வகைச் சரங்கள் விற்கப்படுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இதற்கு மாற்று வழி எளிது. யு.எஸ்.பி. முனை கொண்ட 5 வோல்ட் செம்புக் கம்பி விளக்குகளை வாங்கிப் பவர் பேங்கில் இணையுங்கள். 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று குறித்த பவர் பேங்கில் ஏறத்தாழ 37 வாட்-மணி ஆற்றல் இருக்கும். 3 வாட் சரம் ஒன்று, இழப்புகளைக் கழித்தாலும், மாலை தொடங்கி நள்ளிரவு தாண்டியும் எரியும். குழந்தைகள் தொட்டாலும் மின்னதிர்ச்சி இல்லை. சில பவர் பேங்குகள் மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கண்டால் தாமாகவே நின்றுவிடும் என்பதால், முதலில் ஒரு சரம் மட்டும் வாங்கி ஓர் இரவு எரித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள். அரசு மின்சாரம் போலவே மெல்ல ஏறி இறங்கும் சீரான சைன் அலை தரும் இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் 230 வோல்ட் சரங்களையும் பயன்படுத்தலாம். மற்ற வீடுகளில் மின்சாரம் போனதும் அவற்றின் பிளக்கைப் பிடுங்கி, மின்சாரம் திரும்பி வந்து நிலைபெற்ற பிறகே செருக வேண்டும்.

மரச்சுவரை ஒட்டி அகல் ஏற்றுதல்

கூடவே கூடாது. இது எல்லாம் காய்ந்து கிடக்கும் காலம்; மணல் பரப்பிய தட்டில், தரையில் மட்டுமே ஏற்றுங்கள்.

வீடு முழுவதையும் பூவால் நிரப்புதல்

மேமியோ மலையிலிருந்து வரும் செவ்வந்தி அழகானதுதான். ஆனால் பண்டிகை நெருங்க நெருங்க அதன் விலை ஏறும். மாவிலையையும் சந்தையில் கிடைக்கும் தப்யே எனும் நாவல் இனத் தழைக் கொத்துகளையும் கொண்டு இடத்தை நிரப்பி, பூவை வாசலுக்கும் பூசை அறைக்கும் மட்டும் வையுங்கள். காம்பைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளி, அன்றாடம் நீரை மாற்றினால் செவ்வந்தி ஒரு வாரம் வரை வாடாது.

வாடகை வீட்டில் இருபக்க ஒட்டுநாடா

சுண்ணாம்பும் சேர்ந்து உரிந்துவரும். நூலில் கட்டுங்கள்.

பொங்கல் முடிந்ததும் அட்டைப் பெட்டியில் திணித்தல்

மே மாதத்தில் தொடங்கும் மழை அக்டோபர் வரை நீடிக்கும். அட்டைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சி, துணியும் தாளும் பூஞ்சணம் பிடிக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவே நல்லது. கம்பி விளக்கை ஓர் அட்டைத் துண்டில் சுற்றி வையுங்கள். ரிமோட்டிலுள்ள பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பவர் பேங்கை முழுதும் தீர்ந்த நிலையில் வைக்காமல், பாதி சார்ஜ் ஏற்றி வைத்து, மழைக்காலத்தின் நடுவில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.