செய்தி வாசிப்பாளராக விரும்புவோருக்கு: காப்பி, பிராம்ப்டர், இயர்பீஸ்

குரலும் முகமும் இருந்தால் போதும் என்று வருபவர்கள் முதல் நேரலையிலேயே திணறிவிடுவார்கள். எதிரே பிராம்ப்டர் திரையில் ஓடும் வரிகளைப் படிப்பது வேலையில் பாதிதான். வரிகள் இல்லாதபோதும் செய்தி சொல்லத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் செய்தியாளராக வேலை பார்த்தவர்களுக்குத்தான் எளிதில் வருகிறது. அதனால் முடிந்தால் முதலில் செய்தியை எழுதித் திருத்தும் டெஸ்க்கிலோ ரிப்போர்ட்டிங்கிலோ சேருங்கள்.

வாசிப்புக்கு முன் காப்பியை, அதாவது எழுதித் தரப்பட்ட செய்தியை, வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், நாளிதழ் வாக்கியத்தை அப்படியே வாசித்தால் கேட்பவருக்குப் பிடி கிடைக்காது. இதைப் பாருங்கள்: “நேற்று நள்ளிரவு பெய்த கனமழையால் ஏரிக்கரை உடைந்து வெளியேறிய நீரில் சிக்கித் தவித்த 14 பேரை மீட்புப் படையினர் இன்று அதிகாலை படகு மூலம் மீட்டனர்.” என்ன ஆனார்கள் என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. இப்படி உடையுங்கள்: “வெள்ளத்தில் சிக்கிய பதினான்கு பேர் பத்திரமாக மீட்கப்பட்டனர். நேற்று நள்ளிரவு பெய்த கனமழையில் ஏரிக்கரை உடைந்தது. அதில் சிக்கியவர்களை மீட்புப் படையினர் இன்று அதிகாலை படகில் சென்று மீட்டனர்.” மூச்சு வாங்கவும் இடம் கிடைத்துவிடும்.

எண்களை எழுத்தில் மாற்றுங்கள். 1,25,00,000 என்று பிராம்ப்டரில் வந்தால் பூஜ்ஜியங்களை எண்ணிக்கொண்டிருக்க நேரமிராது; “ஒன்றே கால் கோடி” என்றிருந்தால் நாக்கு நிற்காது. வெளிநாட்டுப் பெயர்களுக்கு உச்சரிப்பைக் கேட்டு, அசை பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ழ, ள, ல வேறுபாட்டைச் சரிபார்க்க உங்கள் வாசிப்பைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் பிழை காதில் படாது. இன்னொன்றும் காப்பியில் பார்க்க வேண்டும். தீர்ப்பு வருவதற்கு முன் யாரையும் “குற்றவாளி” என்று வாசிக்கக் கூடாது. அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே.

பிராம்ப்டரில் புதியவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம். வரிகள் ஓடிவிடும் என்ற பயம்தான் காரணம். உண்மையில் ஓட்டுபவர் உங்கள் வேகத்தைப் பார்த்துத்தான் நகர்த்துகிறார். நீங்கள் நிதானித்தால் அவரும் நிதானிப்பார். திரையின் அடிவரியைத் துரத்தாமல் நடுவரியில் கண்ணை வையுங்கள். கேமரா மிக அருகில் இருந்தால் கண்மணி இடவலமாக நகர்வது தெரிந்துவிடும். கேமராவைத் தள்ளி வைக்கச் சொல்லலாம், வரி அகலத்தையும் குறைக்கச் சொல்லலாம். ஸ்கிரிப்ட்டின் அச்சுப் பிரதி எப்போதும் மேசையில் இருக்கட்டும். ஒவ்வொரு செய்தி முடிந்ததும் அதன் தாளை ஒதுக்கினால்தான் பிராம்ப்டர் நின்ற நொடியில் சரியான பக்கம் கையில் இருக்கும். தாளையே மறந்துவிட்டுப் பிராம்ப்டரை நம்பி உட்காருபவர்கள்தான் அதிகம்.

நீங்கள் வாசிக்கும்போதே பி.சி.ஆர். எனும் கட்டுப்பாட்டு அறையில் இருந்து தயாரிப்பாளர் இயர்பீஸில் பேசுவார்: “பைட் ரெடியில்லை, அடுத்ததுக்குப் போங்க.” பைட் என்பது ஒருவர் பேசிய சிறு பதிவு. கேட்டபடியே வாசிக்கப் பழக, ஒரு காதில் பேச்சு ஒலிபரப்பை ஓடவிட்டு நாளிதழை உரக்கப் படியுங்கள். வாசித்து முடித்தபின் காதில் கேட்ட 3 விஷயங்களைச் சொல்ல முடிந்தால் தேறிவிட்டீர்கள். இயர்பீஸுக்குத் தலையாட்டாதீர்கள், நேயருக்கு அது விநோதமாகத் தெரியும்.

களத்திலிருக்கும் செய்தியாளரோடு நேரலையில் பேசும்போது ஒரு இடைவெளி வரும். செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால் கேள்வி போய்ச் சேரவே கால் விநாடி ஆகும், பதில் வர இன்னொரு கால். கருவிகள் எடுக்கும் நேரம் தனி. அவர் மௌனமாக நிற்கிறாரே என்று கேள்வியைத் திரும்பக் கேட்டால் இரண்டு குரலும் மோதும். ஒரே கேள்வி, சிறியதாக, கேள்வியாகவே முடியட்டும், பிறகு காத்திருங்கள். செய்தியாளர் தன் குரலையே தாமதமாகக் கேட்டுத் தடுமாறினால் கோளாறு ஒலி இணைப்பில் இருக்கிறது, அவரிடம் இல்லை.

திடீர்ச் செய்திக்கு எழுதிய காப்பி இருக்காது. உறுதியான தகவல், அதைச் சொன்னவர் யார், இன்னும் தெரியாதது என்ன: இந்த மூன்றையும் தாளில் குறித்து, அந்த வரிசையிலேயே சொல்லுங்கள். புதிதாக ஒன்றும் வராவிட்டால் அதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லலாம். அந்த நிமிடத்தில்தான் டிவியைப் போட்டவரும் இருப்பார். ஊகத்தால் நேரத்தை நிரப்பாதீர்கள்.

உடையில் நுண்ணிய கோடும் சிறு கட்டமும் கேமராவில் அலையடிக்கும். பின்னணிப் படம் சேர்ப்பதற்கான பச்சைத் திரை முன் பச்சை உடை கூடாது. காலர் மைக்கில் உரசும் நகையைக் கழற்றிவிடுங்கள்.

வேலைக்கு அனுப்பும் டெமோ வீடியோ 2 நிமிடம் போதும். பின்னணி இசை வேண்டாம். சிறந்த துண்டை முதலில் வையுங்கள். பெரும்பாலும் அதற்குமேல் பார்க்க மாட்டார்கள். ஸ்டூடியோ வாசிப்பு, களத்தில் நின்று பேசியது, ஒரு பேட்டியில் நீங்கள் கேட்ட மடக்குக் கேள்வி ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும்.