ரூபாய் மாற்றுமுன் பலகையை ஒழுங்காகப் படியுங்கள்

ஊருக்குப் போகுமுன் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நாணய மாற்றுக் கடையில் இந்திய ரூபாய் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது விலைப் பலகையின் 'விற்பனை' வரிசையை. கடைக்காரர் நமக்கு விற்கும் விலை அதுதான். பக்கத்திலிருக்கும் 'வாங்கும்' விலை எப்போதும் குறைவாக இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் கையில் வருவது கணக்கைவிடக் குறையும், பிறகு கவுண்டரில் வாக்குவாதம்தான்.

ரூபாய்க்குப் பொதுவாக 100-க்கு இத்தனை ரிங்கிட் என்றே போடுவார்கள். 5.30 என்று வைத்துக்கொள்வோம்: 1,000 ரிங்கிட்டை 5.30-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சுமார் 18,868 ரூபாய். அதுவே 5.60 என்றால் 17,857 மட்டும். சில காசு வித்தியாசம், ஆயிரம் ரூபாய் போச்சு! அதனால் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். விமான நிலையத்தில் அவசரத்துக்கு மட்டும் மாற்றுங்கள்.

மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் உள்ள கடைதானா என்று பாருங்கள். பெரிய தொகைக்கு மைகார்டு (அடையாள அட்டை) கேட்பார்கள். 2,000 ரூபாய் நோட்டு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2023-லேயே புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கவுண்டரை விட்டு நகருமுன் எண்ணி, ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் ஏடிஎம் திரை 'ரிங்கிட்டில் கழிக்கவா?' என்று கேட்டால் ரூபாயையே தேர்ந்தெடுங்கள். ரிங்கிட் என்றால் அந்த ஏடிஎம் வைக்கும் மாற்று விலை பெரும்பாலும் நமக்கு நட்டம்.