கடைவீட்டு அலுவலகத்துக்கு நெட்வொர்க்: ஏணி வருமுன் தாளில் முடிக்க வேண்டியவை

கேபிள் இழுக்க வந்த தம்பி ஏணியில் நின்றபடியே கைபேசியில் கூப்பிடுவார். "அண்ணே, இந்த லைன் எங்க போகுது? கேமராவா, பிரிண்டரா?" நீங்கள் அந்நேரம் பட்டர்வர்த்துக்குப் போகும் ஃபெரியில் இருப்பீர்கள். "எதுலயாச்சும் குத்தி வையுங்க தம்பி, நான் வந்து பார்த்துக்கிறேன்" என்பீர்கள். அப்புறம் யாரும் வந்து பார்ப்பதில்லை. மூன்று வருடம் கழித்து எந்தக் கேபிளைப் பிடுங்கினால் எது செத்துப்போகும் என்று ஒருவருக்கும் தெரியாது.

நெட்வொர்க்கின் விரிவான வடிவமைப்பு என்று நான் சொல்வது, அந்தத் தம்பி கூப்பிடவே தேவையில்லாத அளவுக்கு எழுதி வைக்கப்பட்ட தாள்கள். மேலோட்டமான திட்டம் "ஒரு ஃபயர்வால், இரண்டு சுவிட்ச், நான்கு வைஃபை" என்பதோடு நின்றுவிடும். (ஃபயர்வால் என்பது இணையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் நிற்கும் காவல் கருவி; சுவிட்ச் என்பது கேபிள்கள் வந்து சேரும் பெட்டி; போர்ட் அதில் உள்ள துளை.) எந்தச் சுவிட்சின் எந்தப் போர்ட்டில் எந்தக் கேபிள், அதற்கு எந்த முகவரி என்பதெல்லாம் விரிவான வடிவமைப்பில்தான் வரும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. எக்ஸெல் அட்டவணை போதும்.

ஒரு கற்பனை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பினாங்கு ஜார்ஜ்டவுன் பழைய பகுதியில் மூன்று தளக் கடைவீடு. கப்பல் சரக்கு, சுங்கப் பத்திர வேலை பார்க்கும் நிறுவனம். கீழ்த்தளத்தில் 6 பேர், முதல் மாடியில் 16, இரண்டாம் மாடியில் 6, மொத்தம் 28. பட்டர்வர்த்தில் சின்னக் கிளை ஒன்று.

படி 1: கட்டடத்தை நடந்து பாருங்கள்

மடிக்கணினியைத் திறக்குமுன் அளவு நாடாவோடு போங்கள். கடைவீடு என்றால் முகப்பு குறுகல், ஆழம் நீளம், நடுவில் முற்றம், பக்கச் சுவர்கள் கனத்த செங்கல். இந்த மூன்றும் உங்கள் வடிவமைப்பைப் பாதிக்கும்.

முதல் முடிவு, ரேக் (இந்தக் கருவிகளை அடுக்கும் இரும்பு அலமாரி) எங்கே என்பது. கீழ்த்தளத்தில் வைக்காதீர்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு எப்படி மூழ்கியது என்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். உச்சி மாடியும் வேண்டாம். ஓட்டுக் கூரைக்கு அடியில் மத்தியானச் சூடு சுவிட்சுக்கு ஆகாது. முதல் மாடியில், முற்றத்தை ஒட்டாத, மழைச்சாரல் படாத அறை ஒன்று பாருங்கள். ஏர்கோன் இருந்தால் நல்லது, ஆனால் அதற்கு நேர் கீழே ரேக்கை வைக்காதீர்கள். ஏர்கோன் ஒழுகும். எல்லா ஏர்கோனும் ஒருநாள் ஒழுகும்.

செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர். அதில் சுவருக்குள் ஓடுவது 90, இரு முனையிலும் செருகும் சிறு கேபிள்களுக்கு 10. நம் கடைவீட்டில் எந்த மூலையிலிருந்தும் முதல் மாடி ரேக்குக்கு 50 மீட்டருக்குள் வந்துவிடும். அதனால் தளத்துக்கு ஒரு சுவிட்ச் தேவையில்லை, எல்லாம் ஒரே ரேக்.

இன்னொன்று. ஜார்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம். பாரம்பரிய வட்டாரத்துக் கட்டடத்தின் முகப்பில் கேமரா மாட்ட, ஓட்டை போட நினைத்தால் முதலில் கட்டட உரிமையாளரைக் கேளுங்கள். மாநகர் மன்றத்தையும் விசாரியுங்கள். இதைக் கடைசி வாரத்தில் கேட்டால் வேலை நிற்கும்.

படி 2: எண்ணுங்கள்

ஆட்களை எண்ணினால் போதாது, கம்பி தேவைப்படும் ஒவ்வொரு சாமானையும் எண்ண வேண்டும்.

மேசைகள் 28 (அதில் 12 மேசையில் ஐபி தொலைபேசி, அதாவது நெட்வொர்க் கேபிளில் ஓடும் தொலைபேசி)
பிரிண்டர் 4
கேமரா 8
வைஃபை ஆக்செஸ் பாயிண்ட் (வைஃபை அலை பரப்பும் கருவி) 4
விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி 1
கூட்ட அறை டிவி 1

ஐபி தொலைபேசியின் பின்னால் பெரும்பாலும் இரண்டு துளை இருக்கும். சுவரிலிருந்து தொலைபேசிக்கு, அங்கிருந்து கணினிக்கு. ஆக மேசைக்கு ஒரு போர்ட் போதும். கூட்டினால் 46. ரேக்கிலேயே இருக்கும் கோப்பு சர்வர், கேமரா ரெக்கார்டர், ஃபயர்வால் மூன்றையும் சேர்த்தால் 49.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். 24 போர்ட் சுவிட்ச் இரண்டு வாங்கினால் 48. முதல் நாளே ஒன்று குறைகிறது. உடனே யாராவது கடையில் ஐந்து போர்ட் குட்டி சுவிட்ச் வாங்கி மேசைக்கடியில் போடுவார். அது அங்கேயே குடியிருக்கும். 48 போர்ட் ஒன்றும் 24 போர்ட் ஒன்றும் எடுங்கள். 72-இல் 23 காலியாக நிற்கும். காலிப் போர்ட்டுக்குக் கணக்குப் பார்க்கிற முதலாளியிடம் குட்டி சுவிட்ச் கதையைச் சொல்லுங்கள்.

கேபிளை மட்டும் மேசைக்கு இரண்டாக இழுங்கள். ஆள்கூலிதான் பெரிய செலவு, கேபிள் இல்லை. 56 மேசைக் கேபிள், மற்றவை 18, மொத்தம் 74. அதற்கு 24 துளைப் பேட்ச் பேனல் (சுவர்க் கேபிள்கள் ரேக்கில் வந்து முடியும் தட்டு) மூன்று போதாது (72 தான்), நான்கு வேண்டும். ரேக்கில் இடம்: பேனல் 4, சுவிட்ச் 2, ஃபயர்வால் 1, கேபிள் ஒழுங்குபடுத்தும் தட்டு 2, சர்வர் 2, ரெக்கார்டர் 2, யூபிஎஸ் (மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) 2. கூட்டினால் 15 யூ (ரேக் உயரத்தை அளக்கும் அலகு). 22 யூ ரேக் வாங்குங்கள்.

படி 3: முகவரிக் கணக்கு

ஒரு கதை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு 192.168.1 வரிசையில் முகவரி கொடுத்தேன். ரௌட்டரில் அப்படித்தான் வந்தது, அப்படியே விட்டேன். அடுத்த வருடம் கிளையை விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் பூட்டிய தனிப்பாதை) வழியாக இணைக்கச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அங்கேயும் 192.168.1. இரண்டு தெருவுக்கும் ஒரே பெயர், வீட்டு எண்ணும் ஒன்று. தபால்காரர் எங்கே போவார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒவ்வொரு கேமராவுக்கும் முகவரி மாற்றினேன். கூலி கேட்க வாய் வரவில்லை.

தனியார் பயன்பாட்டுக்கென்று 1996-இல் ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தர ஆவணம் ஒதுக்கிய வரிசைகள் மூன்று: 10 என்று தொடங்குபவை எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1. ஊழியர் வீட்டிலிருந்து விபிஎன் போட்டால் இவற்றோடுதான் மோதும். ஆகவே 10-க்குப் போங்கள்.

என் பழக்கம் இது: இரண்டாவது எண் இடத்தைச் சொல்லும், மூன்றாவது எண் விலானைச் சொல்லும். ஜார்ஜ்டவுன் 20, பட்டர்வர்த் 21 என்று வையுங்கள். விலான் என்பது ஒரே சுவிட்சைத் தனித்தனி அறைகளாகத் தடுப்பது மாதிரி. 1 முதல் 4094 வரை எண் கொடுக்கலாம்.

விலான் 10, ஊழியர் கணினி: 10.20.10.0/24
விலான் 20, தொலைபேசி: 10.20.20.0/24
விலான் 30, கேமராவும் ரெக்கார்டரும்: 10.20.30.0/24
விலான் 40, விருந்தினர் வைஃபை: 10.20.40.0/24
விலான் 50, சர்வர், பிரிண்டர், வருகைப்பதிவு, டிவி: 10.20.50.0/24
விலான் 99, சுவிட்ச் நிர்வாகம்: 10.20.99.0/24

பட்டர்வர்த்தில் 10.21.30.27 என்று ஒரு முகவரி தகராறு செய்தால், அது கிளையின் கேமரா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடலாம். /24 என்றால் 254 சாமானுக்கு இடம். எட்டு கேமராவுக்கு இது அதிகம்தான். 62 இடமுள்ள /26 போதுமே என்று கேட்பார்கள். தனியார் முகவரிக்குக் காசு இல்லை, மனக்கணக்கு சுலபமாக இருப்பதற்குத்தான் மதிப்பு. தாராளமாக விடுங்கள்.

ஒவ்வொரு /24-க்குள்ளும் ஒரே ஒழுங்கு: .1 கேட்வே (அந்த விலானிலிருந்து வெளியே போகும் வாசல்), .2 முதல் .19 வரை நெட்வொர்க் கருவிகள், .20 முதல் .49 வரை நிலையான முகவரிகள், .50 முதல் .249 வரை டிஎச்சிபி (முகவரி பங்கிடும் சேவை) தானாகக் கொடுப்பது. பிரிண்டருக்கு நிலையான முகவரியைப் பிரிண்டரில் போய்த் தட்டாதீர்கள், டிஎச்சிபியிலேயே ஒதுக்கி வையுங்கள். கொடுத்த முகவரி செல்லும் குத்தகைக் காலம் ஊழியருக்கு ஒரு நாள், விருந்தினருக்கு இரண்டு மணி நேரம்.

படி 4: போர்ட் அட்டவணை

மற்ற படிகளை அவசரமாக முடித்தாலும் இதை அவசரப்படாதீர்கள். 72 போர்ட்டுக்கும் 72 வரி. காலிப் போர்ட்டுக்கும் வரி உண்டு. ஒவ்வொரு வரியிலும் சுவிட்ச், போர்ட் எண், கேபிள் லேபிள், என்ன சாமான், எந்த விலான், மின்சாரம் தேவையா. சில வரிகள் மாதிரிக்கு:

சுவிட்ச் 1, போர்ட் 3, லேபிள் 1-14, மேசை: குறியில்லாமல் விலான் 10, குறியோடு விலான் 20, மின்சாரம் உண்டு
சுவிட்ச் 1, போர்ட் 21, லேபிள் 0-09, வாசல் கேமரா: விலான் 30, மின்சாரம் உண்டு
சுவிட்ச் 1, போர்ட் 30, லேபிள் 2-11, ஆக்செஸ் பாயிண்ட்: குறியில்லாமல் 99, குறியோடு 10, 40, மின்சாரம் உண்டு
சுவிட்ச் 2, போர்ட் 20, காலி: மூடி வைக்கவும்

முதல் வரியைக் கவனியுங்கள். கணினி அனுப்பும் தரவு குறியில்லாமல் வரும், தொலைபேசி தன் தரவில் 20 என்று குறி ஒட்டி அனுப்பும். ஒரே கம்பியில் இரண்டும் பிரிந்தே போகும். ஆக்செஸ் பாயிண்ட்டும் அப்படித்தான், இரண்டு வைஃபை பெயர், இரண்டு விலான்.

லேபிளில் எழுத்தே வேண்டாம், எண் மட்டும். தள எண், கோடு, கேபிள் எண். நம் ஊரில் கேபிள் இழுப்பவர் தமிழராக இருக்கலாம், சீனராக இருக்கலாம், வங்காளதேசத்துக்காரராக இருக்கலாம். 1-14 என்பதை எல்லோரும் ஒரே மாதிரிதான் படிப்பார்கள். கேபிளின் இரு முனையிலும் ஒட்டச் சொல்லுங்கள், ஒரு முனை லேபிள் பாதி லேபிள் கூட இல்லை.

படி 5: மின்சாரம்

கேமரா, ஆக்செஸ் பாயிண்ட், தொலைபேசி மூன்றும் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும். தரவுத்தாளில் உள்ள உச்ச அளவைப் போடுங்கள். நம் உதாரணத்தில் கேமரா 7 வாட் வீதம் 8-க்கு 56, ஆக்செஸ் பாயிண்ட் 15 வீதம் 60, தொலைபேசி 5 வீதம் 60. மொத்தம் 176 வாட். 195 வாட் தரும் சுவிட்ச் போதும் என்று தோன்றும், இன்னும் மூன்று கேமரா மாட்டினால் தொலைபேசி அணையும். முப்பது சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 229; ஆக 370 வாட் தரும் 48 போர்ட் சுவிட்சைப் பாருங்கள். போர்ட் ஒன்றுக்கு எவ்வளவு என்பதும் முக்கியம்: பழைய 802.3ஏஎஃப் தரம் 15.4 வாட், 802.3ஏடி 30 வாட். புது ஆக்செஸ் பாயிண்ட்டுகள் பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்கும்.

இந்த எல்லாமும் யூபிஎஸ்ஸில் தொங்கும் என்பதை மறக்காதீர்கள். நம் மழைக்காலத்து இடிக்காக ஒரு விதி: கட்டடத்துக்கு வெளியே, பக்கத்துக் கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். ஃபைபர் போடுங்கள், அது மின்னலைச் சுமக்காது.

படி 6: யார் யாரிடம் பேசலாம்

விலான் பிரித்தால் மட்டும் பாதுகாப்பு வராது. நடுவில் ஃபயர்வால் விதி வேண்டும். வாக்கியமாகவே எழுதுங்கள்.

ஊழியர்: சர்வர், பிரிண்டர், இணையம்.
தொலைபேசி: சேவை தருபவரின் முகவரிகள் மட்டும்.
கேமரா: ரெக்கார்டர் மட்டும், இணையம் கிடையாது.
விருந்தினர்: இணையம் மட்டும்.
நிர்வாக விலான்: நிர்வாகியின் ஒரு கணினியிலிருந்து மட்டும்.
மற்றது எல்லாம் மறுப்பு.

கைபேசியில் கேமரா பார்க்க வேண்டும் என்று முதலாளி கண்டிப்பாகக் கேட்பார். அதற்காகக் கதவைத் திறந்து விடாமல் விபிஎன் வழியாக ரெக்கார்டரைப் பார்க்க வைக்கலாம்.

இணைய வாசலுக்கும் ஒரு வரி. டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை இணைப்பு என்றால் இணையம் விலான் 500 என்ற குறியோடு வரும், பிபிபிஓஇ (இணைப்புக்குள் நுழையும் முறை) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். சொந்த ஃபயர்வாலை மாட்டி, இந்தக் குறியைப் போட மறந்து, "லைன் செத்துருச்சு" என்று புகார் கொடுத்தவர்கள் உண்டு. 500-ஐ உள்ளே வேறு எதற்கும் வைக்காமலிருந்தால் குழப்பம் குறையும்.

படி 7: வைஃபை

செங்கல் சுவர் அலையைத் தின்னும். கீழே ஒன்று, முதல் மாடியில் முன்னும் பின்னும் இரண்டு, மேலே ஒன்று. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்கள் மட்டுமே ஒன்றோடொன்று மோதாதவை. முற்றம் வழியாக மேலும் கீழும் அலை போய்வரும் என்பதால் நேர் மேலே இருப்பதற்கும் வேறு சேனல் கொடுங்கள். ஊழியருக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ். சக்தியை முழுசாக வைக்காதீர்கள், பக்கத்துக் கடையும் பிழைக்க வேண்டும்.

படி 8: சோதனைத் தாள்

என்ன செய்தால் என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுங்கள். விருந்தினர் வைஃபையிலிருந்து 10.20.50.1-ஐ பிங் செய்தால் (அங்கே யாரும் இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்த்தால்) பதில் வரக்கூடாது. ஒரே கேபிளின் இரு முனையையும் இரண்டு போர்ட்டில் குத்தினால் சுவிட்ச் ஒரு போர்ட்டைத் தானே மூட வேண்டும். மூடாவிட்டால் மொத்த அலுவலகமும் நிற்கும், ஆகவே இதை ஆள் இல்லாத நாளில் செய்யுங்கள். யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் பாருங்கள். குத்தகையாளருக்கு மீதிப் பணம் தருவதற்கு முன் 74 கேபிளுக்கும் சோதனைக் கருவியின் அறிக்கை வாங்குங்கள்.

வேலை நடக்கும்போது ஏதாவது மாறத்தான் செய்யும். 1-14 போக வேண்டிய இடத்தில் உத்தரம் குறுக்கே நிற்கும், கேமரா இரண்டடி தள்ளும். அன்றைக்கே அட்டவணையைத் திருத்துங்கள். எல்லாம் முடிந்ததும் போர்ட் அட்டவணையை அச்சடித்து, மேல் மூலையில் தேதி போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கடவுச்சொற்களை அந்த உறையில் போடாதீர்கள். அவை மூடிய கவரில் முதலாளியின் பெட்டகத்துக்குப் போகட்டும்.