ரோல்பிளே பழகலாம்: உங்களுக்கு எது ஒத்துவரும் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஆன்லைன் கேமில் நாமாகப் பேசாமல் நம் கேரக்டராகவே பேசி, நடந்து, சண்டை போடுவதுதான் ரோல்பிளே. பழைய சங்கதிதான். 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' கேமில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. இன்றைக்குத் திரையில் டிராகன் பறந்தாலும் பாதி ரோல்பிளே இன்னும் சாட் பெட்டிக்குள்தான் நடக்கிறது.

புதிதாக வந்தபோது என் கேரக்டருக்கு மூன்று பக்கம் பூர்வகதை எழுதி வைத்திருந்தேன். ஊர் எரிந்தது, அண்ணன் காணாமல் போனான், இத்யாதி. முதல் நாள் விடுதிக் காட்சியில் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த நாற்காலியில யாராவது உட்கார்ந்திருக்காங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. என் கேரக்டர் கூச்சப்படுவாளா, எரிந்து விழுவாளா என்று நான் யோசித்ததே இல்லை.

படி 1: எது பிடிக்கும் என்று பாருங்கள்

அரட்டையா, சண்டையா, அரசியல் சதியா, துப்பறிதலா? முதல் வாரம் எல்லாவற்றிலும் கொஞ்சம் தலையைக் காட்டுங்கள். எந்தக் காட்சி முடிந்த பிறகும் மனதில் ஓடுகிறதோ, அதுதான் உங்களுடையது. எனக்கு உலகத்தைக் காப்பாற்றும் வீரர்களைவிடச் செருப்புத் தைப்பவர், கடைக்காரர் போன்ற கேரக்டர்கள்தான் பிடிக்கும். வீரர்கள் எக்கச்சக்கமாக இருக்கிறார்கள், வாடிக்கையாளர்தான் கிடைப்பதில்லை!

படி 2: இடம்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ரோல்பிளேக்கென்றே தனி சர்வர்கள் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் பெயருக்குப் பக்கத்தில் ரோல்பிளே அடையாளம் வைத்துக்கொள்ளலாம். ஜிடிஏ 5-ஐத் தனியார் சர்வர்களில் ஆட உதவும் ஃபைவ்எம்மில் பெரும்பாலும் மைக்கில் பேச வேண்டும். குரல் கொடுக்கக் கூச்சமென்றால் எழுத்து வழி கேமில் தொடங்குங்கள்.

படி 3: மூன்று வரி கேரக்டர்

அவருக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறார், எது எரிச்சலூட்டும். போதும். மிச்சத்தை ஆடும்போது கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

படி 4: செயலை எழுதுவது

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பேச்சைத் தவிர்த்து மற்றச் செயல்களை எமோட் என்ற சாட் கட்டளையில் எழுதுவோம். இந்த இரண்டையும் பாருங்கள்:

"மாறன் கத்தியை வீசி உன் கையைக் கிழித்துவிடுகிறான்."

"மாறன் உன் கையைக் குறிவைத்துக் கத்தியை வீசுகிறான்."

முதலாவதில் எதிராளிக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. இதைத்தான் பவர்கேமிங் என்று திட்டுவார்கள். இரண்டாவதில் அவர் விலகலாம், தடுக்கலாம், ஆசைப்பட்டால் வெட்டும் வாங்கிக்கொள்ளலாம். முயற்சி உங்கள் கையில், விளைவு அவர் கையில். முடிவாகவில்லையென்றால் பகடை உருட்டும் கட்டளை இருக்கிறது.

இன்னொன்று மெட்டாகேமிங்: ஆட்டக்காரருக்கு மட்டும் தெரிந்ததைக் கேரக்டருக்கும் தெரிந்ததுபோல் ஆடுவது. ஒருவர் தலைக்கு மேல் மிதக்கும் பெயரை உங்களால் படிக்க முடிகிறது. உங்கள் கேரக்டருக்கு அது தெரியாது. பெயர் கேட்டு அறிமுகமாகுங்கள்.

படி 5: விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்

கேரக்டராகப் பேசுவது ஐசி (இன் கேரக்டர்), ஆட்டக்காரராகப் பேசுவது ஓஓசி (அவுட் ஆஃப் கேரக்டர்). ஓஓசி பேச்சை இரட்டை அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். காட்சி சூடாகும் முன்பே இப்படி ஒரு வரி தட்டிவிடுங்கள்:

((சண்டை சரி, என் கேரக்டர் சாக வேண்டாம். காதல் காட்சி எனக்கு ஒத்துவராது.))

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய ஆட்டக்காரர்கள் பலர் இதைத் தங்கள் புரொஃபைலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். வார்கிராஃப்டில் அதற்கென்றே டோட்டல் ஆர்பி 3 போன்ற ஆட்-ஆன்கள் (கேமோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் நிரல்கள்) இருக்கின்றன. எதிராளி சொன்ன எல்லைக்குக் காரணம் கேட்காதீர்கள், நீங்களும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இத்தனைக்கும் பிறகு ஒருவர் நச்சரித்தால் பிளாக் செய்யலாம். எல்லை மீறினால் சர்வர் அட்மினிடம் சொல்லுங்கள்.

பாதியில் கிளம்ப வேண்டியிருந்தால் திடீரென்று மறைந்துவிடாமல், உங்கள் கேரக்டர் கொட்டாவி விட்டுப் படுக்கப் போகட்டும். கூடவே ((நாளைக்கு இதே நேரம் தொடரலாமா?)) என்று கேட்டு வையுங்கள்.