கன்னியாகுமரில வருசம் முழுக்க சொந்த வீட்ல இருக்கீங்களா? வீட்டுத் தீர்வை (சொத்து வரி) கூடுதலா வந்தா இப்படி சரி பண்ணுங்க

சபரிமலை சாமிமார் சீசன் வந்தா எங்க தெருவுல பாதி வீடு ரூம் ஆயிரும், மிச்ச வீட்ல நாங்க வருசம் பூரா கெடக்கோம். ஆனா தீர்வை வந்தப்ப எனக்கும் லாட்ஜ் ரேட்டு. விசாரிச்சா, பக்கத்து வீட்டுக்காரரு 'ரூம் உண்டு' தட்டிய எங்க கேட்டுல சாய்ச்சு வச்ச அன்னைக்குன்னு பாத்து அளக்க வந்தவங்க போட்டோ எடுத்துட்டு போயிருக்காங்க கேட்டியளா.

மொதல்ல பழைய ரசீத தேடி வரி விதிப்பு எண்ண எடுங்க. அத வச்சு வரி போடுற உள்ளாட்சி ஆஃபீஸ்ல உங்க வீட்டு பதிவ கேட்டு வாங்குங்க. தொகைய அப்புறம் பாக்கலாம், 'பயன்பாடு'ன்னு இருக்க இடத்துல குடியிருப்புன்னு இருக்கா வணிகம்னு இருக்கா, அதான் விசயம்.

அடுத்து சதுர அடி. டேப்ப எடுத்து நீங்களே அளங்க. 2022-ல நகர்ப்புறத்துல வரிய ஏத்துனப்ப வீட்டுக்கு 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100னு போட்டாங்க, அப்போ 1180 அடி வீட்ட 1210னு எழுதிட்டா என்ன ஆகும்னு பாத்துக்கிடுங்க.

தப்பு இருந்தா மனு எழுதுங்க. கூட ரேசன் கார்டு, ஆதார், முக்கியமா கரண்ட் பில். அதுல டாரிஃப் 1ஏ-ன்னு இருந்தா வீட்டு உபயோகம், கடை லாட்ஜுக்கு 5. எனக்கு காரியம் நடந்தது இந்த ஒரு பேப்பர்லதான். மனுவோட நகல்ல சீலும் தேதியும் வாங்காம வெளிய வராதீங்க, நான் மொத தடவ வாங்கல, மனு எங்க போச்சுன்னே தெரியல.

நெசமாவே மாடிய சீசனுக்கு வாடகைக்கு விடுறீங்கன்னா மறைக்காதீங்க, கீழ குடியிருக்க பகுதிய தனியா வீடுன்னு போடச் சொல்லுங்க.

மனு நடக்குதுன்னு வரி கட்டாம இருக்காதீங்க, பிந்துனா வட்டி ஏறும். ஏப்ரல் 30-க்குள்ள, அக்டோபர் 31-க்குள்ள அந்தந்த அரையாண்ட கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5000 ரூவா. ஆன்லைன்லயே கட்டலாம்.

மறுபடி அளக்க வந்தவரு அடுக்களை வரைக்கும் வந்து பாத்துட்டு மாத்தி எழுதிட்டு போனாரு. அன்னைக்கு சாயங்காலமே அந்த தட்டிய பக்கத்து வீட்டு கேட்டுல கம்பி போட்டு இறுக்கி கட்டிட்டேன்.