லேப்டாப் வேகம் பிடித்தது இப்படித்தான்

அக்காவின் விண்டோஸ் 11 லேப்டாப்பை ஆன் செய்தால் வெகுநேரம் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்திலேயே நிற்கும்; எல்லாம் மந்தமாகிவிடும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எந்த புரோகிராம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். டிஸ்க் என்ற தலைப்பைக் கிளிக் செய்ததும், அதிகம் இழுப்பது மேலே வந்தது: வாங்கும்போதே கூட வந்த, கெடு முடிந்துபோன ஓர் ஆன்டிவைரஸ். அப்டேட் நின்றுபோயிருந்தது. ஆனாலும் திறக்கிற ஃபைலையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தது.

செட்டிங்ஸில் போய் அதை அன்இன்ஸ்டால் செய்தேன். அது மட்டும் போதவில்லை. அதன் டிரைவர்கள் (விண்டோஸின் அடித்தளத்தில் ஓடும் துணைக் கோப்புகள்) உள்ளேயே தங்கிவிட்டன. அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி ஓட்டிய பிறகுதான் முழுதாகப் போனது. ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாகவே விழித்துக்கொண்டது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ரியல்-டைம் பாதுகாப்பு ஆனில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அப்புறம், ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாதவற்றை நிறுத்தினேன். டிஃபெண்டர் தானாகச் செய்யும் ஸ்கேனை, வேலைகளுக்கு நேரம் குறிக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினேன்.

வேகத்துக்காக ஆன்டிவைரஸையே அணைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அக்கா பேங்க் வேலையெல்லாம் அதில்தான் பார்க்கிறார். இப்போது டிஸ்க் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கிறது.