புது கார் வழியில் நின்றுவிட்டால்: ஜாப் கார்டில் என்ன எழுத வைப்பது

காரை வாங்கி 11 வாரம் ஆகியிருந்தது. ஓடோமீட்டரில் 2,340 கிலோமீட்டர். அம்மாவுக்கு வாரத்தில் 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். அதற்காகவே வாங்கிய கார் அது. ஒருநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், சிக்னலில் நின்றிருந்தபோது என்ஜின் சத்தமே இல்லாமல் அணைந்தது. டாஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. செல்ஃப் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன். பக்கத்து சீட்டில் களைத்துப்போய் அம்மா. 10 நிமிடம் கழித்து, ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க 3 தடவை சர்வீஸ் சென்டர் போக வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து 19 நாள் கார் அங்கேயே கிடந்தது. முதல் நாளே நான் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்லி, அதை ஜாப் கார்டில், அதாவது வண்டியை ஒப்படைக்கும்போது குறையை எழுதி நம் கையெழுத்தை வாங்கும் தாளில், எழுதவும் வைத்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். இன்னொருவருக்கு அந்த 19 நாள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சாலையில் செய்ய வேண்டியது. ஓடும்போதே என்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் திடீரென்று கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கும் பிடிக்கும். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் உதவும், அதன் பிறகு காலின் முழு பலமும் வேண்டும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை எடுக்கக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்ட் லைட் போட்டு, வண்டிகள் போகாத பக்கமாக இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

சிவப்பில் ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ எரிந்தால் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம். செக் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால், என்ஜினில் எரியாத பெட்ரோல் வெளியே போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 'மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்' என்று ஃபோனில் யாராவது சொன்னாலும், இந்த நிலையில் ஓட்டிப் போகாதீர்கள். ஓட்டிப்போய் சேதம் பெரிதானால், அது உங்கள் கவனக்குறைவு என்று வாரன்ட்டியை மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

டோயிங் வண்டிக்கு, வாரன்ட்டி புத்தகத்தில் இருக்கும் அவசர உதவி எண்ணை அழையுங்கள். ஷோரூமில் வண்டியை விற்றவரை அழைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி, மின்சார வண்டி என்றால் வண்டியை முழுதாக மேலே ஏற்றிப் போகும் ஃப்ளாட்பெட் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் வேறு பாகங்கள் கெடும். வண்டி ஏறுவதற்கு முன் நான்கு பக்கமும், ஓடோமீட்டரும், எரியும் விளக்குகளும் தெரியும்படி படம் எடுங்கள்.

சரி, இப்போது சர்வீஸ் சென்டர். என் அனுபவத்தில் எல்லாம் முடிவாவது இங்கே, முதல் ஐந்து நிமிடத்தில்.

முதல் தடவை நான் போனபோது, வண்டியை வாங்கிக் குறையை எழுதும் அட்வைசர் "என்ன பிரச்சினை, மேடம்?" என்றார். "வழியில நின்னுடுச்சு, ஸ்டார்ட் ஆகல" என்றேன். அவர் கம்ப்யூட்டரில் 'ஸ்டார்ட்டிங் ப்ராப்ளம், ஜெனரல் செக்கப்' என்று தட்டினார். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். உள்ளே வேலை செய்யும் டெக்னீஷியன் என்னைப் பார்ப்பதில்லை, அந்த ஒரு வரியைத்தான் பார்க்கிறார். பேட்டரி டெர்மினலைத் துடைத்தார்கள், சாஃப்ட்வேரைப் புதுப்பித்தார்கள், கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த கோளாறுக் குறியீடுகளை அழித்தார்கள், 4 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள். 'குறை எதுவும் இல்லை' என்று கொடுத்துவிட்டார்கள். எழுதியிருந்த பிரச்சினைக்கு அவர்கள் செய்தது சரிதான். என் காரின் பிரச்சினை ஸ்டார்ட் ஆகாதது அல்ல; ஓடிக்கொண்டிருந்த என்ஜின் அணைந்தது. இரண்டுக்கும் சோதனை வேறு வேறு.

இரண்டாவது தடவை இன்னொரு தவறு செய்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் பேட்டரியாக இருக்கும் என்று சொன்னதை அப்படியே அங்கே சொன்னேன். 'வாடிக்கையாளர் பேட்டரியைச் சோதிக்கச் சொல்கிறார்' என்று எழுதினார்கள். அணைத்து வைத்த நிலையில் 12.6 வோல்ட், ஓடும்போது 14.2 வோல்ட். பேட்டரி நன்றாக இருந்தது, கார் திரும்பி வந்தது, நான்காம் நாள் மறுபடி நின்றது. நோயைச் சொல்வது நம் வேலை இல்லை. அறிகுறியைச் சொல்வதுதான் நம் வேலை.

மூன்றாவது தடவை போவதற்கு முன் ஒரு சின்ன நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தேதி, கிலோமீட்டர், கிளம்பி எத்தனை நிமிடம், வெயிலா மழையா, ஏ.சி. ஓடியதா, எந்தக் கியர், எவ்வளவு நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது. நான்கு தடவை எழுதியதுமே எனக்கே ஒரு ஒழுங்கு தெரிந்தது. 40 நிமிடத்துக்குக் குறைவாக ஓடிய நாளில் ஒருதடவைகூட நிற்கவில்லை. அப்புறம், அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்து டாஷ்போர்டைப் படம் பிடிக்கச் சொன்னேன். ஓட்டுகிறவர் அதைச் செய்யவே கூடாது. கை நடுங்க அவர் எடுத்த 50 விநாடி வீடியோவில், என்ஜின் அணைவதும், செல்ஃப் சுற்றும்போது, என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் பூஜ்யத்திலேயே கிடப்பதும் தெரிந்தது.

ஜாப் கார்டில் இப்படி எழுத வைத்தேன்:

'என்ஜின் 40 நிமிடத்துக்கு மேல் ஓடிச் சூடான பிறகு, ஏ.சி. போட்ட நிலையில், சிக்னலில் நிற்கும்போது தானாக அணைகிறது. செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை, ஆர்.பி.எம். முள் அசையவில்லை. 10 முதல் 15 நிமிடம் ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகிறது. இதுவரை 4 தடவை. இதே குறைக்கு இது 3-வது வருகை. வாடிக்கையாளரிடம் வீடியோ உள்ளது.'

அட்வைசர் இவ்வளவு எழுத இடமில்லை என்றார். இருக்கிற இடத்தில் முதல் இரண்டு வரியை எழுதுங்கள், மீதியைத் தாளில் தருகிறேன், அதை ஜாப் கார்டோடு பின் செய்து என் பிரதியில் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். செய்தார். கோபப்படவில்லை, குரல் உயர்த்தவில்லை, நகரவும் இல்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் பையன் உங்கள் காரைக் கெடுத்தவன் இல்லை. அவனை வைத்துத்தான் வேலை நடக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். ஒன்று, 'என்னைக் கேட்காமல் கட்டண வேலை எதுவும் செய்ய வேண்டாம்.' இன்னொன்று, 'குறியீடுகளை அழிப்பதற்கு முன் அச்செடுத்து எனக்கு ஒரு பிரதி தர வேண்டும்.'

இந்த இரண்டாவது வரி ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இன்றைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே கோளாறுக் குறியீடுகளைப் படிக்க ஓ.பி.டி. என்ற சாக்கெட் இருக்கும். கோளாறு நடந்ததும் என்ஜின் கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டைப் பதிகிறது. பெரும்பாலும் அதோடு, அந்த நொடியில் என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, வேகம் என்ன, ஆர்.பி.எம். என்ன, பளு என்ன என்பதையும் உறையவைத்து வைத்துக்கொள்கிறது. இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். விட்டு விட்டு வரும் கோளாறில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. குறியீட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. ஃபோனோடு இணையும் சின்ன ஸ்கேனர் உங்களிடம் இருந்தால் படித்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'க்ளியர்' பட்டனை மட்டும் தொடாதீர்கள். பேட்டரி கம்பியைக் கழற்றுவதும் வேண்டாம். பல வண்டிகளில் அதனாலும் பதிவு போய்விடும்.

'குறை எதுவும் தெரியவில்லை' என்று சொல்லும்போது அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நானும் நினைத்தேன். பிறகுதான் உள்விஷயம் புரிந்தது. வாரன்ட்டி கொடுப்பது கார் தயாரிக்கும் நிறுவனம். வேலை செய்வது டீலர். டீலர் அந்தப் பணத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும், அதற்குக் குறை இன்னது, மாற்றிய பாகம் இன்னது என்று காட்ட வேண்டும். தேடிக்கொண்டே இருந்த நேரத்துக்குப் பெரும்பாலும் சரியான பணம் வருவதில்லை. அதனால் எளிதில் பிடிபடாத கோளாறைத் தேட அந்த இடத்தில் யாருக்கும் ஆர்வம் குறைவு. அவர்கள் தேடும் நேரத்தைக் குறைத்துக் கொடுத்தால் உங்கள் வேலை நடக்கும்.

அதற்கு நான் கண்ட சிறந்த வழி, டெக்னீஷியனை காரில் ஏற்றிக்கொண்டு போவது. அட்வைசர் அல்ல, டெக்னீஷியன். சர்வீஸ் மேனேஜரிடம் கேட்டேன்: "சார், ஒரு மணி நேரம் யாரையாவது என்னோட அனுப்புங்க, வண்டி நிக்கறத நான் காட்டறேன்." மறுநாள் காலை ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தார். 35 நிமிடம் ஓட்டினேன், பிறகு ஏ.சி.யைப் போட்டு ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் ஐடிலிங்கில் விட்டேன். 12 நிமிடத்தில் அணைந்தது. அவர் செல்ஃபைச் சுற்றச் சொல்லி லேப்டாப் திரையைப் பார்த்தார். "என்ஜின் சுத்துது, ஆனா கம்ப்யூட்டருக்கு அது சுத்தறதே தெரியல, மேடம்" என்றார். குறியீடு பி0335. என்ஜினின் முக்கியத் தண்டான க்ராங்க் ஷாஃப்ட் சுற்றுவதைச் சொல்லும் சென்சாரின் இணைப்பு. அந்தத் தகவல் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எப்போது பெட்ரோல் கொடுப்பது, எப்போது தீப்பொறி கொடுப்பது என்று தெரியாமல் நிறுத்திவிடும். கழற்றிப் பார்த்தபோது, ஒயர் இணையும் கப்ளருக்குள் ஒரு பின் முழுசாக உட்காரவில்லை. குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகிவிடும். 4 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் இது ஒருநாளும் தெரியாது.

உங்கள் கோளாறு காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வருகிறது என்றால், முந்தின இரவே வண்டியை அங்கே விட்டுவிட்டு, காலையில் நீங்கள் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். இரவில் பேட்டரி இறங்குகிறது என்றால், ஒரு நாளாவது வண்டியை விட வேண்டும். பூட்டிய பிறகு வண்டியில் இருக்கும் எல்லா கம்ப்யூட்டர்களும் உறங்கவே அரைமணி நேரம், சில வண்டிகளில் அதற்கு மேலும் ஆகும். அதற்குப் பிறகு அளந்தால்தான் உண்மையான மின் கசிவு தெரியும். வெளியில் கேமராவோ ஹாரனோ பொருத்தி ஒயரை வெட்டிச் சேர்த்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் வாரன்ட்டிப் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

இரண்டாவது தடவையும் சரியாகவில்லை என்றால் மேலே போக வேண்டும். சர்வீஸ் மேனேஜர், அடுத்து தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு. ஃபோனில் பேசினாலும், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதிப் போடுங்கள். 17 எழுத்து கொண்ட சேஸிஸ் எண், ஒவ்வொரு ஜாப் கார்டின் எண்ணும் தேதியும், கார் உள்ளே இருந்த நாட்கள், குறை ஒரே வரியில், உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. இவ்வளவு போதும். 'இதே மாடல் காருக்கு இந்தக் குறைக்காக நிறுவனம் டீலர்களுக்கு அனுப்பிய சர்வீஸ் அறிவிப்பு ஏதாவது உண்டா, தொழில்நுட்பக் குழுவிடம் இதைக் கேட்டீர்களா?' என்ற கேள்வியையும் சேருங்கள். நான் அனுப்பிய இரண்டாம் நாள்தான் மாற்று வண்டி கொடுத்தார்கள். மருத்துவமனை நாட்களை அதில் தேதியோடு எழுதியிருந்தேன்.

ஒவ்வொரு தடவையும் குறையை ஒரே வார்த்தைகளில் எழுத வையுங்கள். பல நாடுகளில் குறையுள்ள புது காரை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ சட்டம் இருக்கிறது. அங்கே முக்கியமாகக் கேட்பது, ஒரே குறைக்கு எத்தனை தடவை முயன்றார்கள், எத்தனை நாள் கார் உங்களுக்குப் பயன்படவில்லை என்பதுதான். என் முதல் இரண்டு ஜாப் கார்டிலும் வேறு வேறு குறை எழுதியிருந்தது. வழக்கு என்று வந்திருந்தால் என் மூன்று வருகையும் மூன்று தனிப் பிரச்சினை என்று ஆகியிருக்கும்.

காரைத் திரும்ப எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். கண்டுபிடித்த காரணம், செய்த வேலை, மாற்றிய பாகத்தின் எண் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். 'சரிசெய்யப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள் என்று உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம், கோளாறு வந்த அதே நிலைமையில் ஒரு மாதமாவது ஓட்டி, நோட்டில் எழுதுவதைத் தொடருங்கள்.

கார் வந்த பிறகு முதல் டயாலிசிஸ் நாள். திரும்பும் வழியில் அதே சிக்னல், அதே வெயில், ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லாமலேயே அம்மா ஃபோனை எடுத்து டாஷ்போர்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பச்சை விழும் வரை முள் 800-லேயே நின்றது.